மரத்தைத் தேடிப் போகும் வாள்

தும்பறைச் சீமையின் கதை – 14

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹநுவரவுக்கு அருகே பிடிபட்ட இடத்தில் சென்ற இதழில் கதையை நிறுத்தியிருந்தோம். அரசன் ஓடி ஒளிய அந்த மலையில் காடு இருந்தது. அறுபது ஆண்டுகள் கழிவதற்குள் அதே சரிவுகளில் கண்ணுக்கு எட்டிய தூரம் கோப்பிச் செடி நின்றது. இடையில் அந்தக் காட்டு மரங்கள் எங்கே போயின? கோப்பி வந்ததையும் தேயிலை வந்ததையும் நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. மரம் போனதை அரை வரியில் கடந்துவிடுகின்றன. அந்த அரை வரிக்குள் இருநூறு ஆண்டு வரலாறு அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறக்க நாம் பின்தொடர வேண்டியது மரம் அரியும் வாளை.

இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி ஹுன்னஸ்கிரிய. கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதி, திகனயும் தெல்தெனியவும் தாண்டி மலையேறி இந்தச் சந்தியைத் தொடுகிறது. இங்கிருந்து ஒரு வீதி பிரிந்து லூல்வத்த, கோர்பட்ஸ் கெப் வழியாக மீமுரே கிராமத்துக்கு இறங்கும். நேரே போனால் மடுகொட, உடுதும்பறை, பிறகு பெயர்பெற்ற பதினெட்டு வளைவுகள், அதன்பின் சமவெளி. வடக்கே முழுக்க நக்கிள்ஸ் மலைத்தொடர். ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது, 1880இல் மாத்தளைக்குப் போனது. தும்பறை மலைக்கு அது ஒருநாளும் வரவில்லை. இங்கே ஏறியதும் இறங்கியதும் எல்லாம் தோளிலும் மாட்டிலும் வண்டியிலும், பிற்காலத்தில் லொறியிலும்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக ஆக்கியது. அந்தக் காலத்தில் காட்டு நிலம் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் ஒரு பவுணாக உயர்ந்தது. ரங்கல, கெலெபொக்க, மெதமஹநுவர, நைட்டர் கேவ், நக்கிள்ஸ் என்று துரைமார் தங்கள் வசதிக்கு மலையைக் கோப்பி மாவட்டங்களாகப் பிரித்தார்கள். காடு விழத் தொடங்கியது.

விழுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. சரிவின் அடியில் தொடங்குவார்கள். மரத்தை முழுக்க வெட்டாமல் இரு பக்கமும் வெட்டுப் போட்டு, பாதித் தாங்கலில் நிற்கவிட்டு மேலே நகர்வார்கள். உச்சியை அடைந்ததும் அங்கே நிற்கும் பெரிய மரங்களை மட்டும் வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே நிற்பவற்றின் மேல் விழ, அவை அடுத்தவற்றின் மேல் விழ, கொடிகளால் பின்னிக் கிடந்த முழுச் சரிவும் ஒரே இரைச்சலில் சாயும். சில வாரம் வெயிலில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். எரியாத அடிமரங்கள் கோப்பி நிரைகளுக்கு நடுவே கிடந்து உக்கின. வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். எரிந்த மண்ணில் குழி தோண்டி, கன்று நட்டு, பழம் பறித்து, பாதை வெட்டியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோர்.

நூறு, இருநூறு ஆண்டு வளர்ந்து வைரம் பாய்ந்த மரங்களை எரித்துச் சாம்பலாக்கினார்கள். இதைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. துரைமார் மரத்தின் விலை தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. பச்சை வன்மரம் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய ஒரு தொன் எடை இருக்கும். அதை ஹுன்னஸ்கிரியச் சரிவிலிருந்து கண்டி வரை இறக்கும் கூலி, பலகையின் விலையை விழுங்கிவிடும். மரம் இருந்தது, தேவை இருந்தது. இரண்டுக்கும் நடுவே பாரம் இருந்தது. இந்த மலையின் மரக்கதை முழுவதையும் நடத்தியது அந்தப் பாரம்தான் என்பது என் முடிவு.

எதிர்ப்பக்கச் சாட்சி பேராதனையில் இருந்தது. 1833இல் மகாவலி கங்கைக்குக் குறுக்கே, நடுவில் தூணே இல்லாமல், 205 அடிக்கு ஒரே வளைவாக ஒரு பாலம் எழுந்தது. முழுக்க முதிரை மரம். ஆணியும் இரும்புப் பூட்டும் இல்லாமல் பொருத்திச் செய்தது என்று அந்தக் காலத்தவர் வியந்து எழுதினார்கள். 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை கண்டி வீதி அதன் மேல்தான் போனது. முதிரை வறண்ட தாழ்நிலத்து மரம். படைக்குப் பாதை வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது தூரத்து முதிரை கண்டிக்கு ஏறியது. குடியானவனின் கதவுக்கும் லயத்தின் கூரைக்கும் அந்தச் செலவைச் செய்ய யாருமில்லை.

அப்படியானால் தோட்டங்களில் கோப்பிக் களஞ்சியமும் துரை பங்களாவும் எப்படி எழுந்தன? கையால் அரிந்த பலகையால். பெரிய அடிமரத்தைக் குழியின் மேல் ஏற்றி, கரி தோய்த்த நூலடித்துக் கோடு போடுவார்கள். ஒருவர் மரத்தின் மேல், ஒருவர் குழிக்குள். மேலாள் கோட்டைப் பார்த்து வாளைத் தூக்குவார், கீழாள் இழுப்பார். வெட்டு விழுவது கீழ் இழுப்பில்தான், ஆகவே உடல் பாரம் முழுவதும் கீழாளுடையது. கண்ணிலும் மூக்கிலும் விழும் தூளும் அவருடையது. அரத்தால் பல்லுக்குக் கூர் வைப்பதும், பற்களை ஒன்று விட்டு ஒன்று இருபுறமும் சாய்த்து விடுவதும் தனிக் கலை. பல் சரியாக விரியாவிட்டால் வாள் மரத்துக்குள் இறுகி நின்றுவிடும். இந்த மனிதர்களின் பெயர் எந்தத் தோட்டப் பதிவிலும் எடுத்துச் சொல்லும்படி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் மரத்தைத் தேடிப் போனார்கள். வாள் தோளில் போனது, மரம் விழுந்த இடத்திலேயே பலகையானது. பாரத்தின் சிக்கலுக்கு மலை முதலில் கண்ட விடை இது.

இயந்திரக் காலம் அந்த விடையை மறந்தது. மறந்த விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1854இல் ஜோன் வோக்கர் என்ற பொறியியலாளர் கண்டியில் ஒரு பட்டறை தொடங்கினார். பின்னாளில் கொழும்பில் பெருநிறுவனமாக வளர்ந்த வோக்கர் சன்ஸ் கம்பனியின் வேர் அதுதான். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் ‘பல்ப்பர்’ இயந்திரங்களில் வோக்கரின் பெயர் இலங்கைக்கு வெளியேயும் போனது. அந்தப் பட்டறை கண்டியில் அமைந்ததில்தான் அதன் வெற்றி இருக்கிறது. அச்சு முறிந்தால், பல்சக்கரம் தேய்ந்தால், கப்பல் வரும்வரை காத்திருக்கக் கோப்பிப் பழத்துக்குப் பொறுமை கிடையாது. பறித்த பழம் புளித்துவிடும். ஆகவே வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இயந்திரம் செய்பவர் இருக்க வேண்டும், செய்த இயந்திரம் துண்டு துண்டாகப் பிரிந்து மலையேற வேண்டும். கோப்பிக்கு இது கிடைத்தது. மரத்துக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் சக்கரத்தின் மேல் ஏறிய நீராவி இயந்திரம் பரவிக்கொண்டிருந்தது. ரான்சம்ஸ் கம்பனி 1841இல் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. கெயின்ஸ்பரோவில் 1848இல் தொடங்கிய மார்ஷல் கம்பனி அதையே பெருந்தொழிலாக்கியது. குதிரையோ மாடோ இழுத்துப் போய் ஒரு வயலில் நிறுத்தினால் கதிரடிக்கும், இன்னோர் இடத்தில் வட்டவாளைச் சுற்றி மரம் அரியும். இதே மார்ஷல்தான் பின்னர் வில்லியம் ஜாக்சனின் தேயிலை உருட்டும் இயந்திரங்களைச் செய்து நம் தோட்டத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. ஆனால் ‘இடம்பெயரும்’ என்று அவர்கள் சொன்னது இங்கிலாந்துச் சமவெளிக்குத்தான் பொருந்தும். பல தொன் எடையுள்ள கொதிகலனைத் தும்பறைச் சரிவில் மரத்தடிக்குக் கொண்டுபோவது, மரத்தை இறக்குவதைவிடக் கடினமான வேலை. எனவே நீராவி வாள் சமவெளியில் நின்றது, மரம் அதைத் தேடிப் போனது. தமிழ்நாட்டு வாசகர்கள் ஆனைமலையை நினைத்துக்கொள்ளலாம். உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் நழுவவிட்டதால்தான் அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர் விழுந்தது. யானை இழுத்தது, சரிவு உருட்டியது. எல்லாம் நகராத ஒரு வாளுக்காக.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. 1873இல் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்காமல் காக்க வேண்டும் என்று சொன்னதை அரசாங்கம் ஏற்றது. நக்கிள்ஸ் உச்சிகளில் இன்று காடு எஞ்சியிருப்பதற்கு அந்தக் கோடு ஒரு முக்கிய காரணம். அந்தக் கோட்டுக்குக் கீழே, நோயில் கோப்பி அழிந்த சரிவுகளில், தேயிலை ஏறியது.

தேயிலைக்குப் பெட்டி வேண்டும். இந்த இடத்தில் வரலாறு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. காட்டை எரித்துத் திறந்த மலையில் விளைந்த கொழுந்தை அடைக்க, ஜப்பானின் மோமி மரப் பெட்டிகள் கப்பலில் வந்தன. பின்னர் எஸ்தோனியாவில், இன்று தாலின் எனப்படும் ரேவல் நகரத்து லூத்தர் ஆலையில் செய்த ஒட்டுப்பலகை, வெனெஸ்டா என்ற பெயரில் லண்டன் வழியாக வந்தது. பால்டிக் கரையின் பலகைக்குள் அடைபட்டுத்தான் தும்பறைத் தேயிலை ஏலத்துக்குப் போனது. வெறுமையான பெட்டி கிடைத்தால் லயத்துக் காம்பராவில் அதுதான் அலுமாரி, அதுதான் குழந்தையின் படிப்பு மேசை. சுற்றிலும் மலையே மரமாக நின்ற ஊரில், ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குக் கிடைத்த நல்ல பலகை ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த பெட்டிப் பலகை.

இரண்டாம் உலகப்போர் அந்தக் கப்பல் பாதையை அறுத்தது. காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. சொந்தப் பெட்டியைச் சொந்த மரத்தில் செய்ய வேண்டும் என்ற நியாயமான எண்ணம் அது. ஆனால் ஆலை ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் அதற்கு நாள்தோறும் மரம் போட்டாக வேண்டும். கன்னெலியக் காடு அந்தத் தேவைக்குப் போனது. பிறகு கொஸ்கமவில் இன்னும் பெரிய ஆலை எழுந்தபோது, அதன் தேவைக்குக் கை வைத்த இடம் சிங்கராஜ வனம். 1972 முதல் 1977 வரை கனரக இயந்திரங்கள் அங்கே பாதை வெட்டி மரம் இழுத்தன. இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் விடாமல் எதிர்த்தார்கள். ஆட்சி மாறியபின் வேலை நின்றது. 1988இல் அதே சிங்கராஜ உலக மரபுரிமைச் சின்னமானது. அந்த ஆலையைக் கட்டியவர்கள் காட்டை அழிக்கத் திட்டம் போட்டவர்கள் என்று நான் எழுத மாட்டேன். காட்டில் எவ்வளவு மரம் உண்டு என்று பார்த்து ஆலையின் அளவைத் தீர்மானிக்காமல், ஆலையின் அளவைத் தீர்மானித்துவிட்டுக் காட்டைத் தேடினார்கள். நகராத வாளின் ஆபத்து முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமானது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அப்படியானால் இன்று கதவுக்கும் ஜன்னலுக்கும் மரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு வீட்டுத்தோட்டங்களிலிருந்து. கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டம் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எழுதிய ஒன்று. ஒரு வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, கமுகு, கராம்பு, சாதிக்காய், மரத்தில் ஏறிய மிளகு, நடுநடுவே மகோகனி, ஜினிசப்பு, மலைவேம்பு. ஹுன்னஸ்கிரியவைச் சுற்றிய கிராமங்களிலும் இதே காட்சிதான். காடு மூடப்பட்ட நாளிலிருந்து நாட்டின் மரக்காலைகளை நடத்துவது இந்த முற்றங்கள்.

முற்றத்து மரத்துக்கும் அதே பழைய சிக்கல்தான். மரம் அங்கொன்று இங்கொன்றாக, வண்டி போகாத சரிவில் நிற்கிறது. பலாவாகவோ ஈரப்பலாவாகவோ இருந்தால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வடக்கில் பெண்பனைக்கும் இதே சட்டம். கிராம அலுவலரிடம் போய், பிரதேச செயலகத்துக்குப் போய், ஏற்றிப் போக வேறு அனுமதி எடுத்து, ஆள் பிடித்து வெட்டி, துண்டு போட்டு, உருட்டி வீதிக்குக் கொண்டுவந்து லொறி பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் முடியாத குடும்பம் நிற்கிற மரத்தையே வியாபாரிக்கு விற்றுவிடும். மகள் கல்யாணம், மகன் வெளிநாட்டுப் பயணம், வைத்தியச் செலவு என்று அவசரம் வரும்போதுதான் மரம் விற்கப்படும். அவசரக்காரன் பேரம் பேச முடியாது.

அளவையிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயர் விட்டுப்போன கால்சுற்று முறை இது. மரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. எட்வர்ட் ஹோப்பஸ் 18ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தின் பெயரால் உலகம் அதை அறியும். உருண்டையான மரத்தின் உண்மைக் கன அளவில் இது 78.5 வீதத்தையே தரும். மீதி 21.5 வீதம் தோலுக்கும் சிறாம்புக்கும் மரத்தூளுக்கும் என்று முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். அந்தக் கழிவு மரக்காலையில் விழுகிறது. தூளும் சிறாம்பும் அங்கே விறகாகவும் காசாகவும் மாறுகின்றன. மரம் வளர்த்தவர் வீட்டில் அடுப்புக்கு வேறு விறகு தேடுகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் உலகின் வேறு மூலைகளில் நடந்த ஒரு மாற்றத்தைப் பார்க்க வேண்டும். 1982இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டொன் லாஸ்கவ்ஸ்கி, டான் டெகுல்வி என்ற இருவர் வூட்-மைசர் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். மரத்தை வாளுக்குள் தள்ளும் பழைய முறையை அவர்கள் திருப்பிப் போட்டார்கள்: மரம் அசையாமல் கிடக்கும், வாளைத் தாங்கிய தலைப்பகுதி தண்டவாளத்தின் மேல் நகர்ந்து அதை அரிந்துகொண்டு போகும். வாள் மெல்லிய பட்டைவாள். முழுவதையும் ஒரு வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துப் போகலாம். 1989இல் நியூசிலாந்தில் பீட்டர்சன், 1994இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ரெக்ஸ் லூக்கஸ் ஆகியோர் இன்னொரு வழியில் போனார்கள். லூக்கஸின் இயந்திரத்தில் சிறிய வட்டவாள் ஒன்று நிமிர்ந்தும் படுத்தும் வெட்டும். ஒருமுறை நிமிர்ந்து போய், படுத்துத் திரும்பினால், சட்டம் ஒன்று கையில் வந்துவிடும். அதைத் தாங்கும் சட்டகத்தைப் பிரித்துச் சுமந்துபோய், விழுந்து கிடக்கும் மரத்தைச் சுற்றியே பூட்டலாம்.

பட்டைவாளின் மெலிவில் என்ன இருக்கிறது? 12 அங்குலச் சதுரமாகச் செதுக்கிய ஒரு கட்டையை 1 அங்குலப் பலகைகளாக அரிவதாக வைத்துக்கொள்வோம். 6 மில்லிமீற்றர் தின்னும் வட்டவாளில் 9 பலகை வரும். 2 மில்லிமீற்றர் தின்னும் பட்டைவாளில் 11 பலகை வரும். ஒரே மரத்தில் இரண்டு பலகை கூட. ஒரு பலாவை அரிந்து கூரை போடும் வீட்டுக்கு அந்த இரண்டு பலகையின் அருமை தெரியும். ஆனால் பட்டைவாள் இயந்திரத்துக்குப் பாதை வேண்டும், மரத்தை அதன் மேல் உருட்டி ஏற்ற வேண்டும். நிமிர்ந்தும் படுத்தும் வெட்டும் வட்டவாளுக்குப் பாதை வேண்டாம். அதற்குப் பதிலாகத் தூள் அதிகம் கொட்டும். லூல்வத்தப் பக்கத்துச் சரிவுகளைப் பார்த்தவர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கம்பனிகளைச் சுற்றி வளர்ந்த ஊர்வாழ்க்கை என்னை இயந்திரத்தைவிட அதிகம் ஈர்க்கிறது. வாங்கியவர்களில் பெரிய முதலாளிகள் குறைவு. விவசாயிகள், தச்சர்கள், ஓய்வுபெற்றவர்கள், அப்பாவும் மகனுமாகத் தொழில் செய்பவர்கள். இவர்கள் தங்கள் மரத்தை அரிந்ததோடு நிற்கவில்லை. அயலவர் முற்றத்துக்கு வாளைக் கொண்டுபோய், மணிக்கணக்கிலோ பலகைக் கணக்கிலோ கூலி பேசி அரிந்து கொடுத்தார்கள். மரம் மரக்காரருடையதாகவே இருக்கும். பலகை, சிறாம்பு, தூள் எல்லாம் அவர் முற்றத்திலேயே விழும். கூலிக்கு அரிபவர்களின் பெயர்ப் பட்டியலை வூட்-மைசர் கம்பனியே வைத்திருந்து கேட்பவர்களுக்குக் கொடுத்தது. தங்கள் வாளால் கட்டிய வீடு, களஞ்சியம், தேவாலயம் பற்றி உரிமையாளர்கள் எழுதி அனுப்பிய செய்திகள் கம்பனியின் இதழில் அச்சாயின. குழி வாள்காரர்கள் ஊர் ஊராகப் போன பழைய முறை, கீழாளின் துன்பம் நீங்கி, இன்னொரு கண்டத்தில் மறுபடி உயிர்பெற்றது.

நம்மோடு ஒப்பிடச் சரியான நாடு பப்புவா நியூகினி. அங்கே நிலத்தின் பெரும்பகுதி இன்னும் கிராமக் குலங்களின் கையில் இருக்கிறது. வெளிநாட்டு மரக் கம்பனிகள் முழு மரத்தை ஏற்றிக்கொண்டு போய், கிராமத்துக்குச் சிறு தொகை கொடுத்து வந்தன. 1980களில் ‘வொக்கபவுட் சோமில்’, அதாவது நடந்து போகும் மரக்காலை, என்று டொக் பிசின் மொழியில் பெயர் பெற்ற எளிய இயந்திரம் அங்கே பரவியது. கிராமத்தவரே தங்கள் மரத்தைத் தேர்ந்து வெட்டி, காட்டுக்குள்ளேயே அரிந்து, பலகையைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். எல்லாக் கிராமமும் வென்றுவிடவில்லை. உதிரிப்பாகம், வாள் கூர் வைக்கும் பயிற்சி, சந்தை, கணக்கு வைக்கத் தெரிந்த ஆள் என்று எது குறைந்தாலும் இயந்திரம் துருப்பிடித்தது. 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் புரிந்துகொண்ட உண்மை அங்கேயும் நின்றது: பழுது பார்ப்பவர் பக்கத்தில் இல்லாத இயந்திரம் மலைக்கு உதவாது.

புயல் வந்த நாடுகளிலும் இந்தத் தேவை வெளிப்பட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சாய்த்த சூறாவளியில் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்தன. 2018 நவம்பர் 16ஆம் திகதி கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தபோது, விழுந்த மரத்தை அகற்றவே விவசாயி கைக்காசு செலவழித்தார். தென்னையின் ஓரப்பகுதி நல்ல பலகை தரும் என்று பிலிப்பைன்சின் சம்போவங்கா ஆய்வு நிலையம் எப்போதோ செய்து காட்டிவிட்டது. தோப்புக்குள் வந்து அரியும் வாள் அந்த வாரங்களில் போதிய அளவில் இருந்திருந்தால், எத்தனை வீட்டுக் கூரைகள் அந்த மரத்திலேயே எழுந்திருக்கும்!

எதிர்ப்பக்க வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். மரத்தைத் தேடிப் போகும் வாள், போகக்கூடாத இடத்துக்கும் போகும். நக்கிள்ஸ் வனத்தின் எல்லை பல இடங்களில் வீட்டுத்தோட்டத்தின் வேலியோடு ஒட்டிக் கிடக்கிறது. காட்டுக்குள் அரிந்து பலகையாக வெளியே வந்துவிட்டால், அது எந்த மரம், எந்த நிலத்து மரம் என்று கண்டுபிடிப்பது கடினம். மரக்காலையைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் ஓரிடத்தில் நிற்கும் ஆலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்த அச்சத்தால்தான் இலங்கை சங்கிலி வாள்களைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவற்றின் இறக்குமதியையே நிறுத்துவது பற்றிப் பேசினார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் சிங்கராஜவுக்குள் பாதை வெட்டியது சிறு வாள் வைத்திருந்த கிராமத்தவன் கிடையாது. வெட்டும் அனுமதியோடு அரியும் அனுமதியையும் சேர்த்து, இன்ன மரம், இன்ன முற்றம், இன்ன நாள் என்று எழுதிக் கொடுத்தால், வாள் அங்கே போய்த் திரும்பியதைக் கிராம அலுவலரால் பார்க்க முடியும். லொறியில் போகும் மரத்தைச் சோதனைச் சாவடியில் சந்தேகிப்பதைவிட இது எளிது.

இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியம். வீட்டுத்தோட்டம் உள்ளவருக்கு மரம் உண்டு. இருநூறு ஆண்டாக இந்த மலையில் உழைத்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு எது முற்றம்? 2015க்குப் பிறகு கட்டப்பட்ட பல தனி வீடுகளுக்குக் கிடைத்தது 7 பேர்ச்சஸ் காணி. அதில் வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு கறிவேப்பிலையும் இரண்டு வாழையும் வைக்கலாம். நாற்பது ஆண்டு வளர வேண்டிய பலாவுக்கு அங்கே இடமில்லை. தேயிலைக்கு நிழலாக நின்று முதிர்ந்த கிரவிலியா மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். அவை விலைபேசி மொத்தமாக வெளியே போகின்றன. கண்டி மாவட்டத்தில் இன்னும் அரச நிறுவனங்களின் கையில் இருக்கும் தோட்டங்களில் லயத்துக் கூரைகள் தகரமும் கல்லுமாகக் கிடக்கின்றன. தோட்டத்து மரத்தில் ஒரு பங்கைத் தோட்டத்திலேயே அரிந்து, கதவும் நிலையும் கைமரமும் ஆக்கி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுப்பது பெரிய தொழில்நுட்பம் கேட்கும் காரியம் இல்லை. இரண்டு இளைஞர்களுக்கு வாள் கூர் வைக்கும் பயிற்சி, ஒரு சிறு இயந்திரம், நிர்வாகத்தின் ஒரு கையெழுத்து. தோட்டப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் காலத்தில், மலையிலேயே நிலைக்கக்கூடிய ஒரு கைத்தொழிலாகவும் அது இருக்கும். மலையகத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளில் சம்பளமும் வீடும் காணியும் இருக்கின்றன. மரத்தின் பங்கையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்று இந்தத் தொடரை எழுதுபவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில், 5000 அடிக் கோட்டுக்கு மேலே காப்பாற்றப்பட்ட அதே நக்கிள்ஸ் காட்டின் நிழலில் ஏலக்காய் பயிரான கதையையும், ஏலம் உலர்த்தும் சூளைகளுக்குப் போன விறகின் கணக்கையும் பார்ப்போம்.

(தொடரும்)